மால்டா, கோசோ: கோடைக்கால ஸ்கூபா பயணத்தை எந்த வரிசையில் திட்டமிடுவது

மத்தியதரைக் கடலில் டைவ் செய்யப் போகிறவர்கள் பெரும்பாலும் விமான டிக்கெட்டில்தான் தொடங்குகிறார்கள். மலிவாக ஒரு தேதி கண்ணில் படும், உடனே பதிவு செய்துவிடுவார்கள். மற்ற எல்லாவற்றையும் அந்தத் தேதிகளுக்குள் திணிக்க வேண்டியதாகிவிடும். கடைசியில் ஒரு வாரப் பயணத்தில் 3 நாள்தான் தண்ணீருக்குள் இறங்கியிருப்பார்கள். நண்பர்களோடு சில கோடைகள் மால்டாவுக்குப் போய் வந்ததில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். தடுமாறியவர்களுக்கு டைவிங் நன்றாகவே தெரியும். வேலைகளைச் செய்த வரிசைதான் அவர்களைக் கவிழ்த்தது.

மத்தியதரைக் கடல் முழுவதையும் ஒரே வழிகாட்டியில் அடக்க முடியாது. அதனால் மால்டா, கோசோ, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கொமினோ ஆகிய தீவுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அங்கே பல இடங்களில் கரையிலிருந்தே இறங்கலாம். ஒரு பக்கம் அலை அடித்தால் காரில் ஏறித் தீவின் மறுபக்கம் போய்விடலாம். முதல் முறை போகிறவருக்கு இதைவிட வசதியான இடம் அந்தக் கடலில் எனக்குத் தெரிந்து இல்லை.

கீழே உள்ள வேலைகளைப் பயணத்துக்கு ஐந்தாறு மாதம் முன்பே தொடங்குங்கள்.

1. டைவிங் அட்டையையும் லாக்புக்கையும் (டைவ் குறிப்பேடு) எடுத்துப் பாருங்கள்

முதல் நிலைப் பயிற்சிக்கான ஓப்பன் வாட்டர் அட்டை 18 மீட்டர் வரைக்கும். அடுத்த நிலையான அட்வான்ஸ்டு அட்டை 30 மீட்டர் வரைக்கும். மால்டாவின் பேர்போன மூழ்கிய கப்பல்கள் பல 35 மீட்டர் தரையில் கிடக்கின்றன. எந்த இடங்களுக்குப் போக முடியும், எத்தனை நாள் தேவை என்பதை உங்கள் அட்டை தீர்மானிக்கும் என்பதால் இதை முதல் வேலையாக வைத்திருக்கிறேன்.

அட்டையே இல்லையென்றால் ஓப்பன் வாட்டர் பயிற்சியை ஊர்ப்பக்கத்தில் முடித்துவிடுவது நல்லது. புதுச்சேரி, அந்தமான், முருதேஸ்வரம் அருகே நேத்ராணி, இலங்கையில் திருகோணமலை என்று இடங்கள் இருக்கின்றன. கதகதப்பான தண்ணீரில், மெல்லிய உடையோடு அடிப்படையைக் கற்றுக்கொள்வது எளிது. அட்டை இல்லாமல் மால்டா போனால் பயிற்சியாளரின் கையைப் பிடித்துக்கொண்டு 12 மீட்டருக்குள் ஒரு அறிமுக டைவ்தான் கிடைக்கும்.

ஓப்பன் வாட்டர் இருக்கிறது, அட்வான்ஸ்டு இல்லை என்றால் அதை மால்டாவிலேயே செய்யுங்கள். அந்தப் பயிற்சி மொத்தம் 5 டைவ். அதில் ஆழ டைவும் திசையறியும் டைவும் கட்டாயம். மூழ்கிய கப்பல் டைவையும் சேர்த்துக்கொள்ளலாம். எப்படியும் போகப்போகும் இடங்களிலேயே பயிற்சி நடப்பதால் நாள் வீணாகாது.

கடைசியாக டைவ் செய்து 6 மாதத்துக்கு மேல் ஆகிவிட்டதா? கிளம்புவதற்கு முன் நீச்சல் குளத்திலாவது ஒரு மறுபயிற்சி செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் அங்கே முதல் அரை நாள் அதிலேயே போய்விடும். அட்டை செயலியில் இருந்தால் அதைப் படமாகவும் சேமித்துக்கொள்ளுங்கள். பாறைக்கரையில் நெட் கிடைக்கும் என்று நம்பி நிற்கக் கூடாது.

2. டாக்டரைப் பாருங்கள், ஊரிலேயே

ஒவ்வொரு டைவ் சென்டரிலும் ஒரு உடல்நலக் கேள்விப் படிவம் கொடுப்பார்கள். ஆஸ்துமா, ரத்த அழுத்தம், சர்க்கரை, காது அறுவை சிகிச்சை, தினசரி மாத்திரை என்று நீளும். சில கேள்விகளுக்கு ‘ஆம்’ என்று எழுதிவிட்டால் டாக்டரின் ஒப்புதல் இல்லாமல் உங்களைத் தண்ணீரில் இறக்க மாட்டார்கள்.

எங்களோடு வந்த ஒருவர் வருடக்கணக்கில் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர். கட்டுப்பாட்டில்தான் இருந்தது. படிவத்தில் உண்மையை எழுதினார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. டைவிங் பரிசோதனை செய்யும் டாக்டரைப் பார்த்துக் கையெழுத்து வாங்குவதற்குள் ஒன்றரை நாள் போய்விட்டது.

அதே படிவம் இணையத்தில் கிடைக்கிறது. முன்கூட்டியே இறக்கி நிரப்புங்கள். ‘ஆம்’ வந்தால் உங்கள் டாக்டரிடம் எடுத்துப் போய்க் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று எழுதிவிட்டுப் போவதை நினைத்தே பார்க்காதீர்கள். உயிரோடு விளையாடுவது அது. இன்சூரன்ஸும் செல்லாமல் போகலாம்.

காது, மூக்கு, சைனஸ் தொல்லை உள்ளவர்கள் காது மூக்கு தொண்டை மருத்துவரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நான் பார்த்தவரை, பயணத்தை நடுவில் நிறுத்துவது பெரும்பாலும் காதுதான்.

3. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மால்டாவில் கடலின் மேற்பரப்பு ஜூன் மாதம் 21, 22 டிகிரி இருக்கும். ஜூலையில் 24, 25 டிகிரி. ஆகஸ்டில் 26, 27 டிகிரி வரை போகும். செப்டம்பர் முழுக்க 25 டிகிரியை ஒட்டியே நிற்கும்.

ஆனால் மேற்பரப்பு எண்ணை மட்டும் நம்பாதீர்கள். கோடையின் முதல் பாதியில் சூடான நீர் மேலே மெல்லிய போர்வையாகத்தான் இருக்கும். பதினைந்து, இருபது மீட்டரில் சட்டென்று குளிர் நீருக்குள் நுழைவீர்கள். ஜூன், ஜூலையில் 30 மீட்டரில் 17, 18 டிகிரிகூட இருக்கலாம். வங்கக் கடலின் 28 டிகிரிக்குப் பழகிய உடம்புக்கு இது பெரிய மாற்றம். குளிரில் மூச்சு வேகமாகும், சிலிண்டர் சீக்கிரம் தீரும். கோடை போகப்போக அந்தச் சூடு ஆழத்துக்கு இறங்கும். செப்டம்பரில் கீழேயும் ஓரளவு இதமாக இருப்பது அதனால்தான்.

என் தேர்வு செப்டம்பர் முதல் மூன்று வாரம். அடுத்தது ஜூன் கடைசி. ஆகஸ்ட் நடுப்பகுதியைத் தவிர்த்துவிடுங்கள். ஆகஸ்ட் 15 அங்கே சாந்தா மரியா பெருவிழா. தீவு முழுக்க விடுமுறை, அறை கிடைக்காது, படகுப் போக்குவரத்தும் உச்சத்தில் இருக்கும். வெயிலோ, நனையாத வெட்சூட்டை (குளிர் தாங்கும் ரப்பர் டைவிங் உடை) போட்டுக்கொண்டு பாறையில் நடக்க முடியாத வெயில். செப்டம்பர் கடைசி வாரத்திலிருந்து இடிமழை தொடங்கலாம்.

4. எந்தத் தீவில் தங்குவது

டைவிங் மட்டும்தான் நோக்கம் என்றால் கோசோ. மார்சல்ஃபோர்ன் அல்லது ஷ்லெண்டி, இரண்டும் கடலோரச் சிற்றூர்கள், டைவ் சென்டர்கள் பக்கத்திலேயே. ட்வேராவின் ப்ளூ ஹோல், இன்லேண்ட் சீ, ஷத் லஹ்மரின் மூழ்கிய கப்பல்கள் எல்லாமே காரில் சிறு தூரம்.

குடும்பத்தில் டைவ் செய்யாதவர்களும் வருகிறார்கள் என்றால் மால்டா தீவில் தங்குங்கள். மெல்லியஹா, புஜிபா பக்கம் எடுத்தால் சிர்க்கேவா டைவ் தளத்துக்குச் சீக்கிரம் போகலாம். ஸ்லீமா, செயின்ட் ஜூலியன்ஸ் பக்கம் சாயங்காலம் நன்றாகப் பொழுது போகும், காலை 8 மணிக்கு டைவ் தளத்தில் நிற்பதுதான் கஷ்டம்.

இரண்டு தீவுக்கும் நடுவே சிர்க்கேவாவிலிருந்து இம்ஜாருக்குக் கார் ஏற்றும் படகு சுமார் 25 நிமிடத்தில் போகிறது. எனவே எங்கே தங்கினாலும் மற்றதற்குப் போய்வரலாம். பயணத்தின் நடுவில் அறையை மட்டும் மாற்றாதீர்கள். ஈரச் சாமான்களோடு இடம் மாறினால் ஒரு டைவ் போச்சு.

5. கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

இந்த ஒரு படியை ஒழுங்காகச் செய்தால் மற்ற தவறுகளைச் சமாளித்துவிடலாம்.

டைவ் செய்த உடனே விமானம் ஏறக் கூடாது. உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன், விமானத்தின் குறைந்த காற்றழுத்தத்தில் குமிழியாக வெளியேறும். ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல நாள் தொடர்ந்து டைவ் செய்திருந்தால் 18 மணி நேரம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் குறைந்தபட்ச அளவு. நீங்கள் 24 என்றே வைத்துக்கொள்ளுங்கள். கணக்கும் எளிது, மனதுக்கும் நிம்மதி.

ஒரு மாதிரி போட்டுப் பார்ப்போம். சனிக்கிழமை போய் இறங்குகிறீர்கள். அடுத்த வாரம் ஞாயிறு காலை திரும்பும் விமானம். மொத்தம் 8 இரவு.

முதலில் கடைசிச் சனிக்கிழமையை அடித்துவிடுங்கள், அது டைவ் இல்லாத நாள். வந்து இறங்கும் சனிக்கிழமையையும் அடித்துவிடுங்கள். இரண்டு விமானம் மாறி, தூக்கமில்லாமல், உடம்பில் நீர்ச்சத்து குறைந்து வந்திருப்பீர்கள். இந்த நிலையில் டைவ் செய்தால் அந்த நைட்ரஜன் குமிழிகளால் வரும் அழுத்த நோய்க்கு வாய்ப்பு கூடும்.

மீதி ஞாயிறு முதல் வெள்ளி வரை 6 நாள். அதில் ஒரு நாளைக் காற்றுக்குக் கொடுத்துவிடுங்கள். கோடையிலும் ஒரு நாளாவது காற்று வந்து திட்டத்தைக் கலைக்கும். ஆக 5 நாள். நாளுக்கு 2 டைவ், மொத்தம் 10. மூன்றாவது டைவைப் பேக்கேஜில் எழுதாதீர்கள். உடம்பு ஒத்துழைத்தால் அங்கே போய்ச் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்போதுதான் திரும்பும் விமானத்தின் நேரத்தைத் தேட வேண்டும். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மலிவு டிக்கெட் சனிக்கிழமை காலை என்று வரும். அப்படியென்றால் வெள்ளி முழுக்கக் கரையில் உட்கார வேண்டும்.

இன்னொரு பொறி இருக்கிறது. மால்டாவில் உயரமான இடமே சுமார் 250 மீட்டர்தான், அதனால் தீவுக்குள் எங்கே சுற்றினாலும் கவலையில்லை. ஆனால் படகில் சிசிலிக்குப் போய் எட்னா எரிமலை பார்க்கும் திட்டத்தைச் சிலர் டைவ் முடிந்த மறுநாள் காலையில் வைத்துவிடுகிறார்கள். எட்னா 3,300 மீட்டருக்கு மேல். மலையேறினாலும் விமானம் ஏறினாலும் காற்றழுத்தம் குறைவது ஒன்றுதான். எட்னா வேண்டுமென்றால் டைவிங்குக்கு முன்பு வையுங்கள், அல்லது முழுதாக ஒரு நாள் விட்டுப் போங்கள்.

6. டைவ் சென்டருக்கு எழுதுங்கள்

மால்டா சுற்றுலா ஆணையத்தின் உரிமம் பெற்ற சென்டரா என்று முதலில் கேளுங்கள். பிறகு உங்கள் அட்டை, மொத்த டைவ் எண்ணிக்கை, கடைசி டைவ் தேதி மூன்றையும் எழுதி, இவற்றுக்குப் பதில் வாங்குங்கள்: ஒரு கைடுக்கு எத்தனை பேர்? விலையில் சாமான் வாடகை, வண்டி, சிலிண்டர் எல்லாம் அடக்கமா? 15 லிட்டர் சிலிண்டர் உண்டா? காற்றால் டைவ் ரத்தானால் பணம் என்னாகும்?

கைடு இல்லாமல் ஜோடியாக இறங்க அட்வான்ஸ்டு அளவாவது இருக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அட்டை இருந்தாலும் முதல் முறை கைடோடு போங்கள். கரை ஒன்றுபோலத் தெரியும், ஏறும் ஏணியைத் தேடித் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உயரம், எடை, காலணி அளவை முன்பே அனுப்பிவிடுங்கள். ஆகஸ்டில் நடுத்தர அளவு சூட்டுகள்தான் முதலில் தீரும்.

7. விசா, டிக்கெட், இன்சூரன்ஸ்

மால்டா ஷெங்கன் நாடு. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன், கனடா கடவுச்சீட்டு என்றால் 90 நாள் வரை விசா தேவையில்லை.

பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் முடியாது. கோடைப் பயணத்துக்கு ஏப்ரல், மே மாதங்களில் விசா மையத்தில் நேரம் கிடைப்பதே கஷ்டம். அதனால் முன்பே நாள் வாங்குங்கள். இத்தாலியும் சேர்த்துப் போகிறீர்கள் என்றால், எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். விசா கையில் வரும்வரை பணம் திரும்பக் கிடைக்கும் பதிவுகளை மட்டுமே செய்யுங்கள்.

இன்சூரன்ஸில்தான் பலர் ஏமாறுகிறார்கள். விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். அதை வாங்கியதும் ‘இன்சூரன்ஸ் இருக்கிறது’ என்று நினைத்துக்கொள்வார்கள். சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் ஸ்கூபாவே கிடையாது, அல்லது ஆழத்துக்கு வரம்பு இருக்கும். அழுத்த நோய்க்கான அழுத்த அறைச் சிகிச்சை அடக்கமா, எத்தனை மீட்டர் வரை, அவசர இடமாற்றம் உண்டா, இந்த மூன்று வரியையும் பாலிசியில் தேடிப் படியுங்கள். இல்லையென்றால் டான் போன்ற டைவர் அமைப்புகளின் தனிக் காப்பீட்டையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

8. பையில் என்ன வைப்பது

மாஸ்க், ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டர் இரண்டும் சொந்தமாக இருக்கட்டும், கைப்பையில் வையுங்கள். பெட்டி தொலைந்தால் மற்றதை வாடகைக்கு எடுத்துவிடலாம். முகத்துக்குப் பழகிய மாஸ்க் கிடைக்காது. டார்ச்சின் உதிரி லித்தியம் பேட்டரிகளும் கைப்பையில்தான் போக வேண்டும். கத்தி இருந்தால் பெட்டியில்.

கெட்டியான அடிப்பாகம் உள்ள பூட்ஸும், அதற்கேற்ற பட்டை வைத்த ஃபின்ஸும் கட்டாயம். வெறுங்காலில் மாட்டும் ஃபின்ஸ் கொண்டுவந்தவர்கள் முதல் நாளே வாடகை எடுக்க வேண்டியதாகிவிடும். அந்தமானில் படகிலிருந்து குதிப்பதற்கு அது சரி. இங்கே தண்ணீரை அடைவதற்குள் ரம்பம் மாதிரி அரித்த சுண்ணாம்புப் பாறையில் நடக்க வேண்டும்.

5 மில்லிமீட்டர் முழு வெட்சூட் கோடைக்குப் போதும். ஜூனில் தலைக்கவசத்தொப்பியும் வேண்டும். இவற்றை அங்கேயே வாடகைக்கு எடுங்கள், பெட்டி கனக்காது. சிலிண்டரிலிருந்து மூச்சுக்காற்றைக் கொடுக்கும் ரெகுலேட்டர் சொந்தமாக இருந்தால் அது திருகு வகையா, கவ்வி வகையா என்று சென்டருக்குச் சொல்லிவிடுங்கள். மின்செருகி மூன்று தடித்த சதுர முனை கொண்ட பிரிட்டிஷ் வகை, அதற்கான அடாப்டர் எடுத்துப் போங்கள்.

9. முதல் டைவ் முழுக்க எடைக்காக

‘எனக்கு 4 கிலோ ஈயம் போதும், எப்பவும் அதுதான்’ என்று சொல்லிவிட்டு இறங்குபவர்கள் மேலேயே மிதப்பார்கள். அல்லது கைடு பயத்தில் 12 கிலோ கட்டிவிட, தரையில் உழுதுகொண்டு போவார்கள்.

மூன்று விஷயம் மாறியிருக்கிறது. 3 மில்லிமீட்டர் சூட்டுக்குப் பதில் 5, அது அதிகம் மிதக்கும். பெரும்பங்கு இதுதான். அடுத்தது சிலிண்டர். நம் பக்கம் பெரும்பாலும் அலுமினியம், காலியாகும்போது மிதக்கத் தொடங்கும். அங்கே 12 அல்லது 15 லிட்டர் இரும்பு, காலியானாலும் கனமாகவே இருக்கும், அதனால் ஈயம் குறையும். மூன்றாவது உப்பு. மத்தியதரைக் கடலில் லிட்டருக்குச் சுமார் 38 கிராம், வங்கக் கடலைவிட அதிகம். இதற்காக ஏறக்குறைய அரை கிலோ கூடும்.

இதையெல்லாம் கணக்குப் போட்டுத் தீர்க்க முடியாது, தண்ணீரில்தான் பார்க்க வேண்டும். டைவின் முடிவில், சிலிண்டரில் 50 பார் அழுத்தம் மிச்சம் இருக்கும்போது, ஆழமில்லாத இடத்தில் பிசிடியை (காற்று நிரப்பும் மிதவைச் சட்டை) முழுக்கக் காலி செய்து நிமிர்ந்து நில்லுங்கள். சாதாரணமாக மூச்சை இழுத்தால் கண் மட்டத்தில் மிதக்க வேண்டும், வெளியே விட்டால் மெல்ல இறங்க வேண்டும். அதுதான் உங்கள் எடை. முழுச் சிலிண்டரோடு தொடக்கத்தில் பார்த்தால் மேலும் 2 கிலோ சேர்க்க வேண்டியிருக்கும். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பாரிலிருந்து 50 பார் வரும்போது தீரும் காற்றின் எடை அவ்வளவு.

எடை சரியாகாமல் இரண்டாவது டைவுக்குப் போகாதீர்கள். டைவின் முடிவில் 5 மீட்டரில் நிற்க முடியாமல் மேலே போய்விடுவது பெரும்பாலும் இந்தத் தவறால்தான்.

10. காலையில் முதலில் காற்றைப் பாருங்கள், பிறகு இடத்தை

ஏற்ற இறக்க ஓதம் இங்கே மிகக் குறைவு. கடலின் குணத்தைக் காற்றுதான் தீர்மானிக்கிறது. நம் மீனவர்கள் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று பேசுவதைப் போல மால்டாக்காரர்களுக்கும் ஒவ்வொரு காற்றுக்கும் ஒரு பெயர். அதிகம் வீசும் வடமேற்குக் காற்று மஜ்ஜிஸ்ட்ரால். வடகிழக்கு க்ரிகால். தென்கிழக்கு ஷ்லொக்.

மஜ்ஜிஸ்ட்ரால் அடித்தால் ட்வேராவையும் சிர்க்கேவாவையும் விட்டுவிட்டு, கோசோவின் தென்கிழக்கில் இருக்கும் ஷத் லஹ்மருக்குப் போங்கள். ஷ்லொக் என்றால் நேர் எதிர், மார்சல்ஃபோர்ன் பக்கத்து வடகரை. க்ரிகால் என்றால் மேற்கே ட்வேரா, அல்லது மால்டாவின் தென்மேற்கில் வீத் இஸ்-ஸுரியெ.

காற்று நின்ற பிறகும் அலை அடங்க நேரமாகும். நேற்று பலமாக அடித்த திசையையும் கேட்டுக்கொள்ளுங்கள். புதியவர்கள் ஏறும் ஏணியை மறந்துவிடுகிறார்கள். இறங்கும்போது ஒரு எட்டில் குதித்துவிடலாம். ஒரு மணி நேரம் கழித்து, களைப்போடு, முதுகில் 20 கிலோவோடு, அலை தூக்கிப்போடும் ஏணியைப் பிடித்து ஏற முடியுமா என்பதுதான் கேள்வி. சந்தேகம் வந்தால் அன்றைக்கு அந்த இடம் வேண்டாம்.

11. இடங்களை இந்த வரிசையில் வையுங்கள்

முதல் இரண்டு நாள் ஆழம் குறைவு. வலேட்டாவில் எச்.எம்.எஸ். மாவோரி என்ற போர்க்கப்பல் சுமார் 14 மீட்டரில் கிடக்கிறது. கொமினோவின் சாந்தா மரியா குகைகளும், 2009-இல் மூழ்கடிக்கப்பட்ட பி-31 ரோந்துப் படகும் 20 மீட்டருக்குள். இவற்றில் எடையும் மூச்சும் நிதானத்துக்கு வரும்.

அடுத்து ட்வேரா. ப்ளூ ஹோலில் இறங்கி, அடியில் இருக்கும் வளைவு வழியாகத் திறந்த கடலுக்குப் போகலாம். பக்கத்திலிருந்த அஸூர் விண்டோ பாறை வளைவு 2017 மார்ச்சில் இடிந்து விழுந்தது, அதன் பாறைகளை இப்போது நீருக்கடியில் பார்க்கலாம். இன்லேண்ட் சீயின் குகை வழி சுமார் 80 மீட்டர் நீளம். தலைக்கு மேலே சுற்றுலாப் படகுகள் ஓடுகின்றன, தரையை ஒட்டியே போங்கள், நடுவில் மேலே வரவே கூடாது.

ஆழமானவை கடைசி நாட்களுக்கு. சிர்க்கேவாவின் ரோஸி இழுவைப் படகும் பி-29 படகும், வீத் இஸ்-ஸுரியெயின் உம் எல் ஃபரூத் எண்ணெய்க் கப்பலும் 35 மீட்டரை ஒட்டிய தரையில் நிற்கின்றன. உம் எல் ஃபரூத் 110 மீட்டர் நீளக் கப்பல். 1995-இல் அதில் நடந்த வெடிவிபத்தில் 9 தொழிலாளர்கள் இறந்தார்கள். மரியாதையோடு பாருங்கள். எந்தக் கப்பலிலும் அதற்கான பயிற்சி இல்லாமல் உள்ளே நுழையாதீர்கள், எதையும் எடுத்து வராதீர்கள்.

அதே நாளில் இரண்டு டைவ் என்றால் ஆழமானது முதலில்.

பவளப்பாறையும் வண்ண மீன் கூட்டமும் எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றமாக இருக்கும். சத்து குறைந்த கடல், அதனால்தான் 30 மீட்டர் தூரம் தெளிவாகத் தெரிகிறது. பாறைச் சுவர், குகை வெளிச்சம், கப்பல், ஆக்டோபஸ், போசிடோனியா கடற்புல் வெளி, இவைதான் இங்கே அழகு. எனக்கு அது அந்தமானுக்குக் குறைந்ததாக ஒருநாளும் தோன்றியதில்லை.

12. சிலிண்டர் கணக்கை எழுதிப் பாருங்கள்

கரையிலிருந்து கப்பலுக்கு நூறு மீட்டருக்கு மேல் நீந்த வேண்டும். திரும்பவும் வர வேண்டும். இதைத்தான் மறப்பார்கள்.

மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுபவருக்கு 20 மீட்டரில் மூன்று மடங்கு, 60 லிட்டர். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பாரில் 2,400 லிட்டர். 50 பார் மிச்சம் வைத்தால் 1,800. ஆக 30 நிமிடம். போக 8, வர 8 என்றால் கப்பலில் 14 நிமிடம்தான். 15 லிட்டர் சிலிண்டர் என்றால் 37 நிமிடம் கிடைக்கும். அதற்காகத்தான் முன்பே கேட்கச் சொன்னேன்.

நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலான காற்றுக் கலவை) பயிற்சி இருந்தால் அலைச்சலான வாரத்துக்கு நல்லது. ஆனால் 32 சதவீத ஆக்சிஜன் கலவையின் ஆழ எல்லை 33 மீட்டருக்குச் சற்று மேல். ரோஸியின் தரைக்கு அது பொருந்தாது. 28 சதவீதம் கேளுங்கள், அது 40 மீட்டர் வரை தாங்கும். அதற்காக உங்கள் அட்டையின் எல்லை கூடிவிடாது.

13. வெயிலும் படகும்

வெட்சூட்டை இடுப்பு வரை மட்டும் போட்டுக்கொண்டு தண்ணீர் ஓரம் வரை வாருங்கள், விளக்கத்தை நிழலில் கேளுங்கள், மேல்பாதியைக் கடைசி நிமிடத்தில் இழுத்துவிடுங்கள். ட்வேராவில் முழு சூட்டோடு வண்டியிலிருந்து ப்ளூ ஹோல் வரை நடந்து, இறங்கும் முன்பே தலைசுற்றி உட்கார்ந்தவர்கள் உண்டு. காலை 8 மணி டைவ் எல்லாவற்றுக்கும் நல்லது.

மேலே வருவதற்கு முன் 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்கும்போதே மிதவைக் குழாயை மேலே அனுப்பிவிடுங்கள். கோடையில் வேகப்படகுகள் எங்கே வேண்டுமானாலும் வரும். மிதவையை எப்படி விடுவது என்பதை ஆழமில்லாத இடத்தில் இரண்டு முறை பழகியிருக்க வேண்டும்.

14. உடம்பு ஏதாவது சொன்னால்

மூட்டு வலி, தோல் தடிப்பு, மரமரப்பு, காரணமில்லாத அசதி. டைவுக்குப் பிறகு இதில் எது வந்தாலும் ‘தூங்கினால் சரியாகும்’ என்று விடாதீர்கள். கைடிடம் சொல்லுங்கள், ஆக்சிஜன் கொடுப்பார்கள். அவசர எண் 112. அழுத்த அறை மால்டாவின் மாட்டர் டெய் மருத்துவமனையில் இருக்கிறது.

ஊதா நிற ஜெல்லி மீன் கொட்டினால் கடல்நீரில் கழுவுங்கள், நல்ல தண்ணீர் வேண்டாம். பாறைமேல் ஊரும் பஞ்சு போன்ற நெருப்புப் புழுவைத் தொடாதீர்கள், அதன் முடிகள் தோலில் ஏறிவிடும். சளி பிடித்தால் டைவ் இல்லை. மூக்கடைப்பு மருந்து போட்டுக்கொண்டு இறங்கினால், மருந்தின் வேகம் நடுவிலேயே தீர்ந்து காது மேலே வரும்போது மாட்டிக்கொள்ளும்.

15. டைவ் இல்லாத அந்தச் சனிக்கிழமை

வெள்ளி சாயங்காலமே எல்லாச் சாமான்களையும் நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, நிழலில் தொங்கவிடுங்கள். 5 மில்லிமீட்டர் சூட் காய ஒரு நாள் பிடிக்கும். ஈரத்தோடு பெட்டியில் வைத்தால் எடையும் ஏறும், நாற்றமும் வரும். டைவ் கம்ப்யூட்டரில் ‘பறக்காதே’ அடையாளம் போய்விட்டதா என்று பாருங்கள். போயிருந்தாலும் 24 மணி நேரத்தைக் குறைக்காதீர்கள்.

அப்புறம் லாக்புக்கோடு உட்காருங்கள். எந்த சூட், எந்தச் சிலிண்டர், எத்தனை கிலோ ஈயம், 30 மீட்டரில் எத்தனை டிகிரி, எந்தக் காற்றில் எந்த இடம், இதையெல்லாம் கைடின் முத்திரைக்குப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். அடுத்த முறை டைவ் சென்டருக்கு எழுதும் முதல் கடிதத்தில் அந்த எண்களைத்தான் அனுப்பப் போகிறீர்கள்.